கிப்பா வாங்கவா, கூடையில் எடுக்கவா?

யூத நண்பர்கள் வீட்டு விசேஷத்துக்கும் ஜெருசலேம் பயணத்துக்கும் ஆண்கள் தலையில் என்ன வைப்பது, அதற்கு எவ்வளவு செலவழிப்பது என்று கேட்டுப் பல கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை முழுக்க கிப்பா என்ற அந்த யூதக் குல்லாவுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கணவரோடு வேலை பார்ப்பவரின் மகனுக்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலை பார் மிட்ஸ்வா, அதாவது யூதப் பையன்களுக்கு 13 வயதில் நடத்தும் சடங்கு. ஜெப ஆலயத்துக்கே குடும்பத்தோடு வரச் சொல்லிப் பத்திரிகை அனுப்பியிருக்கிறார்கள். ஆண்கள் தலையில் குல்லா வைக்க வேண்டுமாமே? கணவருக்கும் 14 வயது மகனுக்கும் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால் 2 டாலரிலிருந்து 60 டாலர் வரை விதவிதமாக வருகிறது. எதை வாங்குவது? மகன் தன்னுடைய பேஸ்பால் தொப்பியே போதும் என்கிறான்.

பதில்: முதலில் உங்கள் பணத்தைப் பத்திரப்படுத்திவிடுவோம். நீங்கள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. அநேகமாக எல்லா ஜெப ஆலயங்களிலும் வாசலை ஒட்டி ஒரு கூடையோ மரப்பெட்டியோ இருக்கும். வருகிறவர்களுக்கென்றே அதில் குல்லாக்களைக் குவித்து வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு உள்ளே போய், திரும்பும்போது அதிலேயே போட்டுவிடலாம். பார் மிட்ஸ்வா என்றால் இன்னும் வசதி. பையன் பெயரும் தேதியும் உள்பக்கம் அச்சிட்ட புதுக் குல்லாக்களை அந்த வீட்டாரே மொத்தமாக வரவழைத்து வைப்பது பரவலான வழக்கம். அதை வீட்டுக்கே கொண்டுவரலாம், நம் கல்யாணத்தில் தாம்பூலப் பை வாங்கிவருகிற மாதிரி.

இந்தக் குல்லாவுக்கு எபிரெயத்தில் கிப்பா என்று பெயர். யித்திஷ் பேசிய குடும்பங்களின் வழியில் வந்த அமெரிக்க யூதர்கள் யார்முல்கே என்பார்கள், காதில் ‘யாமக்கா’ என்று விழும். கடைகளில் இரண்டு பெயரும் புழங்கும். பொருள் ஒன்றுதான்.

உங்கள் மகன் சொல்வது விதிப்படி சரி. ஆண்கள் எல்லோரும் தலையை மூடியே ஆக வேண்டும் என்று யூத வேதமான தோராவில் கட்டளை கிடையாது. பழைய யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதில்தான் இது பேச்சாக வருகிறது. ரப் ஹூனா என்ற அறிஞர் தலையை மூடாமல் நாலு முழம்கூட நடக்கமாட்டார். இறைவனின் பிரசன்னம் என் தலைக்கு மேலே இருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். இன்னோரிடத்தில் ஒரு தாய், வானத்தின் பயம் உன்மேல் இருக்க வேண்டும், தலையை மூடிக்கொள் என்று மகனிடம் சொல்கிறாள். சில பக்திமான்களின் பழக்கமாக இருந்தது மெல்ல மெல்ல எல்லோருக்கும் வழக்கமாகி, யோசேப் காரோ 1563-இல் எழுதி முடித்த ‘ஷுல்ஹான் அரூக்’ என்ற சட்டத் தொகுப்பில் ஏறியது. எது தலைமூடி, எது இல்லை என்று அதிலேயே பார்த்திருக்கிறார்கள். வைக்கோலில் பின்னிய தொப்பி செல்லும். தன் கையைத் தானே தலையில் வைத்துக்கொண்டால் செல்லாது. இன்னொருவர் கை வைத்தால் அது மூடியதாகவே ஆகும்! ஆக, தலை மூடியிருக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. துணி, நிறம், வடிவம் எதையும் அது கேட்கவில்லை. பேஸ்பால் தொப்பி, குளிர்காலக் கம்பளித் தொப்பி, பெரே, தலைப்பாகை எல்லாமே கணக்கில் சேரும்.

ஆனாலும் மகனை அந்தத் தொப்பியோடு அனுப்பாதீர்கள். 13 வயதில் ஒரு பையன் கோட்டு போட்டுக்கொண்டு, மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த தோராப் பகுதியை ஊரே கேட்க ராகத்தோடு வாசிக்கப்போகும் நாள் அது. விளையாட்டு மைதானத்துக்குப் போகிற கோலத்தில் ஒரு விருந்தாளி முன்னால் உட்கார்ந்திருந்தால் யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், ஆனால் அந்த வீட்டாருக்கு மனசு சுருங்கும். கூடையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சொந்தமாக ஒன்று இருக்கட்டும் என்று தோன்றினால், எந்த ரகம் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். கிப்பாவைப் பார்த்தே ஆளை ஓரளவு சொல்லிவிடுவார்கள். பெரிய கறுப்பு வெல்வெட் என்றால் ஹரேதி, அதாவது மிகவும் ஆசாரமான பிரிவினர். நூலில் குரோஷா போட்டது இஸ்ரேலில் மதப்பற்றும் தேசப்பற்றும் சேர்ந்த ‘தத்தி லெயுமி’ பிரிவினரின் அடையாளமாகவே ஆகிவிட்டது. தலையை முழுக்கக் கவிக்கிற வெள்ளைப் பின்னலில் எபிரெய எழுத்துகள் ஓடி உச்சியில் ஒரு குஞ்சம் நின்றால், அது பிரெஸ்லவ் ஹசீதிகள் என்ற பக்திப் பிரிவினரில் ஒரு கூட்டத்தாருடையது. அமெரிக்காவில் ஸ்வேட் தோல் நிறையத் தென்படும். பூவேலை நிறைந்த புகாரா பாணியைச் சின்னப் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவார்கள். விருந்தாளிக்கு இந்த அடையாளங்கள் எதுவும் தேவையில்லை. கறுப்பு, கருநீலம், வெள்ளை என ஒரே நிறத்தில் வேலைப்பாடு இல்லாத ஒன்று போதும். சாட்டின் என்றால் ஓரிரு டாலரிலேயே முடிந்துவிடும். அந்த 60 டாலர் பக்கத்தை மூடிவிடுங்கள்.

நீங்கள் நிச்சயமாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது ஒன்று உண்டு: கிளிப். நான் முதன்முதலாக ஒரு பார் மிட்ஸ்வாவுக்குப் போனபோது கூடையில் கைக்கு வந்த ஊதா சாட்டின் கிப்பாவை எடுத்தேன். உள்ளே பொன்னெழுத்தில் யாரோ ஒரு பையன் பெயரும், பல வருஷம் முந்தைய தேதியும். நாலாக மடித்து மடித்து வைத்திருந்த தடத்தில் அது கூரைபோல் உயர்ந்து நின்றது, தலையில் படியவே இல்லை. தோராச் சுருளை எடுக்க எல்லோரும் எழுந்தபோது நானும் எழுந்தேன், அது பின்பக்கமாக வழுக்கி நாற்காலிக்கு அடியில் விழுந்துவிட்டது. பின்வரிசையில் இருந்த பெரியவர் குனிந்து எடுத்துத் தட்டினார். கோட்டுப் பையிலிருந்து ஒரு டிக் டாக் கிளிப்பை எடுத்து, ‘வைக்கட்டுமா?’ என்று கண்ணாலேயே கேட்டு, என் உச்சிக்குச் சற்றுப் பின்னால் வைத்து முடியோடு சேர்த்து ‘டக்’கென்று அழுத்திவிட்டார். கையைத் தோளில் ஒரு நொடி வைத்துவிட்டுத் தன் புத்தகத்துக்குத் திரும்பிக்கொண்டார். அப்புறம் இரண்டரை மணி நேரம் அது அசையவில்லை. நம் ஊர்ப் பெண் குழந்தைகள் வைக்கும் அதே கிளிப்தான். கறுப்பில் இரண்டு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். முடி இல்லாதவர்கள் சாட்டினைத் தவிர்த்து, வழுக்காத வெல்வெட்டையோ ஸ்வேட்டையோ எடுக்கட்டும். துணிக்கென்று விற்கும் இருபக்க டேப்பில் ஒரு சிறு துண்டும் உதவும்.

இன்னும் இரண்டு விஷயம். குல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓரங்களில் குஞ்சம் தொங்கும் வெள்ளைச் சால்வைகளும் மாட்டியிருக்கலாம். அவை தல்லித், யூதர்கள் ஜெபத்தின்போது போர்த்துவது. மரியாதை என்று நினைத்து அதை எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டாம். கிப்பா விருந்தாளிக்கும் உரியது, தல்லித் அப்படியல்ல. அடுத்து, விதிகளைக் கண்டிப்பாகப் பார்க்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவின் ஆலயமாக இருந்தால், சனிக்கிழமை ஓய்வுநாளான சபாத் என்பதால் போனைப் பையிலிருந்து எடுக்கவே கூடாது, படமும் கூடாது. உங்களுக்குக் குல்லா அவசியமில்லை. அவ்வளவு கண்டிப்பு இல்லாத ரிஃபார்ம், கன்சர்வேட்டிவ் பிரிவுகளின் ஆலயங்களில் சில பெண்கள் விரும்பி வைத்திருப்பார்கள். நீங்கள் தோளும் முழங்காலும் மறைகிற உடையில் போனால் எந்த ஆலயத்திலும் சரியாக இருக்கும்.

கேள்வி: நண்பருக்குப் பரிசளிக்க ஒரு கிப்பா பார்த்தேன். ‘கோஷர் சான்றிதழ் பெற்றது, ஜெருசலேமில் ஆசீர்வதிக்கப்பட்டது’ என்று போட்டு, அதே மாதிரி மற்றவற்றைவிட மூன்று மடங்கு விலை சொல்கிறார்கள். கூடுதல் விலைக்கு அர்த்தம் இருக்கிறதா?

பதில்: இல்லை. கோஷர் என்றால் யூதச் சட்டப்படி ஏற்றது என்று பொருள், ஆனால் இதற்குக் கூடுதல் விலை வேண்டாம். இதை அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இப்படி ஒன்றுக்கு நானும் பணம் கொடுத்திருக்கிறேன். ‘கையால் செய்தது, புனித நகரத்திலிருந்து’ என்று போட்டிருந்ததை நம்பி வரவழைத்தேன். வந்தது மிஷினில் தைத்த பாலியெஸ்டர் சாட்டின், தங்க நிற ஸ்டிக்கர் மட்டும் பெரிது. திருப்பி அனுப்பவும் என் செலவு. அதைப் பரிசாகக் கொடுக்க நினைத்திருந்த நண்பர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, ‘இதற்குச் சான்றிதழ் என்று ஒன்று கிடையாதே’ என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் சொன்னதுதான் உண்மை. கிப்பா ஒரு உடுப்பு. அதற்குள் புனிதம் என்று எதுவும் இல்லை, ஆசீர்வதித்துத் தரும் சடங்கும் இல்லை. காலை ஜெபத்தில், இஸ்ரவேலுக்கு மகிமையால் முடிசூட்டுகிறவர் என்று இறைவனைப் புகழும் ஒரு வரி உண்டு. தலையை மூடுவதை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். அது அணிகிறவர் சொல்வது, விற்கிறவர் சேர்த்துத் தருவது அல்ல.

குழப்பம் எங்கிருந்து வருகிறது என்றால், சான்று பார்த்தே வாங்க வேண்டிய யூதப் பொருள்களும் இருக்கின்றன. கதவு நிலையில் பதிக்கும் மெசூசா, கையிலும் நெற்றியிலும் கட்டும் தெஃபிலின் இரண்டுக்கும் உள்ளே தோல் சுருளில் வேத வரிகள் இருக்கும். பயிற்சி பெற்ற எழுத்தர் கையால் எழுதியிருக்க வேண்டும், ஓர் எழுத்து பிசகினாலும் செல்லாது. அங்கே யார் எழுதினார், யார் சரிபார்த்தார் என்று கேட்பதில் நியாயம் உண்டு. அந்த நம்பிக்கையைத்தான் இவர்கள் ஒரு குல்லாவின் மேல் ஒட்டி விற்கிறார்கள்.

கிப்பாவில் பார்க்க வேண்டிய சட்ட விஷயம் ஒன்றே ஒன்று: கம்பளியும் லினனும் கலந்திருக்கக் கூடாது. உபாகமம் 22:11-இல் உள்ள தடை அது, ஷாட்னெஸ் என்பார்கள். பருத்தி, பட்டு, பாலியெஸ்டர், தோல் எதிலும் சிக்கல் இல்லை. துணி இன்னது என்று லேபிளில் தெளிவாக இல்லாத கம்பளி ரகத்தைப் பரிசுக்குத் தவிர்த்துவிடுங்கள்.

கூடுதல் காசு கொடுப்பதென்றால் கைவேலைக்குக் கொடுங்கள். குரோஷா கிப்பாவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நடுவில் ஒரு சின்ன வளையத்தில் தொடங்கி, சுற்றுச் சுற்றாக விரிந்து, ஓரத்தில் ஒரு நூல் நுனியை உள்ளே செருகி முடித்திருப்பார்கள். ஓரத்து வடிவங்களுக்கு நிறம் மாற்றும் இடத்தில் நூல் உள்ளே தொங்கவிடாமல் பின்னலுக்குள்ளேயே ஓடியிருந்தால் அது தேர்ந்த கை. மெல்லிய நூலில் அப்படி ஒன்று போடப் பல மணி நேரம் ஆகும், அதற்குச் சில பத்து டாலர் கேட்டால் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: பர்மிங்காமில் இருக்கிறேன், இஸ்லாமியன். பக்கத்து வீட்டு யூதப் பெரியவர் காலமாகிவிட்டார், நாளை அடக்கம். என் வெள்ளைத் தொழுகைத் தொப்பியோடு போகலாமா, கிப்பா தேடி வாங்க வேண்டுமா? என்ன பூ வாங்கிப் போவது?

பதில்: உங்கள் தொப்பியோடே போங்கள். தலை மூடியிருக்கிறது, விதி நிறைவேறிவிட்டது. அங்கே கிப்பா கொடுத்தாலும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. சீக்கியர் தலைப்பாகைக்கும் இதுவே பதில். பூ வாங்காதீர்கள். யூத அடக்கங்களில் மலர் வைப்பது வழக்கமில்லை. அடக்கம் முடிந்தபின் ஏழு நாள் வீட்டில் துக்கம் காப்பார்கள், அந்த நாள்களில் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். சாப்பிட ஏதாவது கொண்டுபோக நினைத்தால் கோஷர் முத்திரை உள்ள, பிரிக்காத பாக்கெட்டாகப் பாருங்கள்.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து பங்கு மக்களோடு ஜெருசலேம் திருப்பயணம் போகிறோம். யூதர்கள் புனிதமாக மதித்து ஜெபிக்கும் மேற்குச் சுவருக்குப் போக ஆண்களுக்கு யூதத் தொப்பி கட்டாயம் என்று சொல்லி, பயண ஏற்பாட்டாளர் ஆளுக்கு 600 ரூபாய் தனியாகக் கேட்கிறார். இது நியாயமா? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. ஆண் தலையை மூடி ஜெபிக்கலாகாது என்று 1 கொரிந்தியர் 11-இல் படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். வைத்துக்கொள்ளலாமா?

பதில்: நியாயமே இல்லை, அந்த 600 ரூபாயைக் கொடுக்காதீர்கள். ஆண்கள் பகுதிக்குள் போகும் இடத்திலேயே கிப்பா இலவசமாக எடுத்துக்கொள்ள வைத்திருப்பார்கள். சுவரைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். வெயிலுக்கு நீங்கள் போட்டிருக்கும் துணித் தொப்பியே போதும், அதற்குமேல் ஒன்று வேண்டாம். பயணத் தொகையில் ‘தொப்பிக் கட்டணம்’ என்று சேர்த்திருந்தால், முன்பணம் கட்டும்போதே எழுத்தில் கேட்டு நீக்கச் சொல்லுங்கள். அரசு நிதியுதவியை எதிர்பார்த்து, கையில் இருப்பதையெல்லாம் சேர்த்துக் கிளம்பும் குடும்பங்கள் இவை. அவர்களிடம் இலவசப் பொருளுக்குக் காசு பிடுங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அந்தச் சுவரில் பல காலமாக அட்டையில் மடித்த கிப்பாக்களைத்தான் வைத்திருந்தார்கள். அட்டை என்றதும் மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியில் கிப்பாவோடு தெருவில் நடப்பது எல்லா இடத்திலும் பாதுகாப்பானதல்ல என்ற பேச்சு 2019 மே மாதம் எழுந்தபோது, ‘பில்ட்’ நாளிதழ் முதல் பக்கத்தில் ஒரு கிப்பாவை அச்சிட்டு, வெட்டி ஒட்டித் தலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று வாசகர்களைக் கேட்டது. செய்தித்தாள் காகிதம்தான், அன்றைக்கு அது சொன்ன விஷயம் பெரிது.

உங்கள் தயக்கத்தை மதிக்கிறேன். கொரிந்தியர் நிருபத்தில் பவுல் எழுதியது உங்கள் சபையில் நீங்கள் ஜெபிக்கும் முறைக்கு. இன்னொருவர் வழிபடும் இடத்தில் அவர்கள் கேட்கும் மரியாதையைச் செய்வது அவர்கள் மதத்தை ஏற்பதாகாது. 2013-இல் லண்டனில் தலைமை ரப்பி, அதாவது யூதர்களின் தலைமை மதகுரு, பதவியேற்ற சடங்குக்கு அன்றைய இளவரசர் சார்லஸ் கிப்பா அணிந்தே வந்தார். ஆங்கிலிக்கச் சபையின் தலைமைக்கு வரவிருந்தவர் அவர். மரியாதை இடத்துக்கு இடம் வேறு உருவம் எடுக்கிறது. உங்கள் கோயிலில் தொப்பியைக் கழற்றுகிறீர்கள், திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றுகிறார்கள். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நீல வெள்ளைச் சீன ஓடு பதித்த தரையில் கால் வைக்க வேண்டும். அப்படியும் மனம் ஒப்பவில்லை என்றால், சற்றுத் தள்ளி வெளி முற்றத்தில் நின்று பாருங்கள். சுவர் அங்கிருந்தும் நன்றாகத் தெரியும், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வருஷம் வேலை பார்த்த இஸ்ரேலியர் ஊர் திரும்புகிறார். தினமும் குரோஷா கிப்பா வைப்பவர். காஞ்சிபுரம் பட்டில் ஒன்று தைத்துக் கொடுக்க ஆசை. செய்யலாமா? எப்படிச் சொல்லித் தைக்க?

பதில்: அருமையான யோசனை, தாராளமாகச் செய்யுங்கள். பட்டுக்குத் தடை இல்லை. பருத்தி லைனிங்கும் சேரலாம்.

ஆனால் துணி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அம்மனுக்குச் சாத்தி ஏலத்தில் வந்த புடவையையோ, கோயில் பிரசாதமாக வந்த பட்டையோ வெட்டித் தைத்துவிடாதீர்கள். நமக்கு அது உயர்ந்தது, அவருக்கு வேறொரு வழிபாட்டுக்குப் படைத்த பொருளைப் பயன்படுத்தலாகாது என்ற கண்டிப்பான விதி இருக்கிறது. 2004-இல் இதே விதி பெரிய புயலையே கிளப்பியது. ஆர்த்தடாக்ஸ் பெண்களில் பலர் கல்யாணத்துக்குப்பின் தலைமுடியை மறைக்க விக் வைப்பார்கள். அதற்குப் போகும் முடியில் இந்தியக் கோயில்களில் மொட்டை போட்டுக் காணிக்கை கொடுத்த முடியும் இருக்கிறது என்று தெரிந்ததும், ஜெருசலேமின் ரப்பி யோசேப் ஷாலோம் எல்யாஷிவ் அது கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். புரூக்ளினில் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். ஆகவே கடையில் புதிதாக ஒரு பட்டு பிளவுஸ் பிட் வாங்குங்கள், அதில் பாதிகூடச் செலவாகாது. கோபுர பார்டர், தெய்வ உருவங்கள் வேண்டாம். மாங்காய், கட்டம், மல்லிமொக்கு, வெறும் கரை எதுவும் சரி.

அளவுக்கு அவருடைய கிப்பா ஒன்றைக் கேட்டு வாங்கிக் குறுக்காக அளந்துகொள்ளுங்கள். குரோஷா வைப்பவர்கள் பலருக்கு 14 முதல் 18 சென்டிமீட்டருக்குள் இருக்கும். டெய்லரிடம் நாலு இதழாக வெட்டி உச்சியில் நாலு தையலும் ஒரே புள்ளியில் சேரும்படி தைக்கச் சொல்லுங்கள். புள்ளி பிசகினால் உச்சியில் முடிச்சு நிற்கும், தலையில் படியாது. ஜரிகையை விளிம்பைச் சுற்றி அரை அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். முழுக்க ஜரிகை என்றால் கனம் கூடி வழுக்கும், உள்ளே முடியையும் பிடித்து இழுக்கும். லைனிங்குக்கு மெல்லிய பருத்தி. விளிம்பில் உள்பக்கம் கிளிப் நுழைகிற அளவுக்கு ஒரு சின்ன நூல் வளையம் வைத்துத் தைத்தால் பட்டில் கிளிப் தடம் விழாது. பிளவுஸ் தைத்துப் பழகிய டெய்லருக்கு இது அரை நாள் வேலை, ஆனாலும் முதலில் ஒரு பழைய துணியில் தைத்துக் காட்டச் சொல்லிவிட்டு அப்புறம் பட்டில் கத்தரி வைக்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் அவர் கையில் சேர்த்துவிடுங்கள். பொழுது சாய்ந்தால் சபாத் தொடங்கிவிடும், அன்று ராத்திரியே அந்த விருந்து மேஜையில் அதை வைத்துக்கொண்டு உட்காருவார்.